கபிலன் பேசிய சனிக்கிழமை

வைஷாலி வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுக்கு?" முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. காப்புறுதி நிறுவனத்தில் நல்ல வேலை. அதை உதறிவிட்டு மனநலம், சமூக சேவை என்று ஒரு முதுகலைப் பட்டம் என்றால் யாருக்குத்தான் புரியும்? அவளுடைய அப்பா துரைசாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியும். காரணம், நடு அறையில் தலை மறையப் போர்வையை இழுத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தது.

கபிலன் அவளுடைய தம்பி. நான்கு வயது சின்னவன். லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கில், பதினோராவது மாடியில்தான் இருவரும் வளர்ந்தார்கள். சின்ன வயதில் அவனுக்கு வாய்தான் சொத்து. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் விவாதப் போட்டி என்றால் அவன் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். அவன் எழுந்து இரண்டு வாக்கியம் பேசினால் எதிரணியில் இருப்பவர்களே தங்களை மறந்து சிரித்துவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் அம்மா தங்கத்தின் குரலிலேயே அம்மாவைத் திட்டுவான். அம்மாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் அவன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்தான். பிறகு மேல்மாடிக்காரர்கள். பிறகு ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் எல்லாரும். அம்மா கோயிலுக்கும் டாக்டருக்கும் மாறி மாறி அழைத்துப் போனாள். டாக்டர்கள் கொடுத்த மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் பையனும் அடங்கிப் போனான். நாக்கு தடித்துவிட்டது. கை நடுங்குவதால் கோப்பியைப் பாதிக் குவளைதான் ஊற்றித் தர வேண்டும். உடம்பு ஊதியது. ஏதாவது கேட்டால் "ம்" என்பான், இல்லாவிட்டால் "தெரியல" என்பான். அம்மா இறந்த அன்று சுடுகாட்டில்கூட அவன் அழவில்லை. வெயிலில் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டான்.

படித்தால் ஏதாவது வழி தெரியும் என்றுதான் வைஷாலி பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வழி தெரியவில்லை. தங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது மட்டும் தெரிந்தது. அம்மா சாமி கும்பிட்டதற்கு ஒரு பெயர். அப்பா பேசாமல் இருந்ததற்கு ஒரு பெயர். தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதற்கும் ஒரு பெயர் இருந்தது. முதல் பருவத்தில் அதெல்லாம் ஆறுதலாக இருந்தது. இரண்டாம் பருவத்தில் அலுத்துவிட்டது. மூன்றாம் பருவத்தில், நோய் திரும்பி வருவதற்கு முன்னால் தெரியும் அறிகுறிகளைப் பற்றி அவள் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினாள். தூக்கம் குறைவது, திடீர் உற்சாகம், பேச்சு கூடுவது என்று வரிசையாகச் சொன்னாள். அந்த வருடம் அவளுக்குக் கிடைத்த மிக நல்ல மதிப்பெண் அதற்குத்தான்.

அந்த வகுப்பை நடத்திய டாக்டர் முனீரா ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், இருபது வருடம் மருத்துவமனைகளில் சமூக சேவையாளராக வேலை செய்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர்.

"வைஷாலி, வருஷா வருஷம் நோயோட வாழ்ந்தவங்க ஒருத்தர நம்ம கிளாஸுக்குக் கூப்பிட்டுப் பேச வைப்போம். ஒரு சனிக்கிழமை செமினார். உங்க தம்பி வருவாரா?"

"அவனா? அவன் வீட்டிலயே பேச மாட்டான், மேடம்."

"கேட்டுப் பாருங்க. வேணாம்னா விட்டுடலாம். ஆனா ஒண்ணு, அவர் ஸ்டெடியா இருக்கணும். மருந்து ஒழுங்கா எடுக்கிறாரா?"

"எடுக்கிறான்."

அன்றைக்கு அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கபிலன் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல "தெரியல" என்பான் என்றுதான் வைஷாலி நினைத்தாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தன பேர் இருப்பாங்க?" என்று கேட்டான்.

"ஒரு நாப்பது பேர்."

"இங்கிலீஷா, தமிழா?"

"இங்கிலீஷ்தான். ஆனா நடுவுல தமிழும் பேசலாம். மேடம் தமிழ்தான்."

"பேசுறேன்க்கா" என்றான்.

சொன்னானே தவிர, முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறப்பான். சொல் வழுக்கும். பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். ஒருநாள் அவன் தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டதை வைஷாலி கதவிடுக்கில் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதற்குள் இரண்டாவது வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது.

காலையில் அவள் எழுவதற்கு முன்பே கபிலன் எழுந்து குளித்திருந்தான். சந்தைக்குப் போய் தோசையும் வடையும் கட்டிக்கொண்டு வந்தான். அப்பாவுக்குக் குவளை நிறைய கோப்பி கலந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டு வந்து வைத்தான். துரைசாமி ஒரு கொண்டோ குடியிருப்பில் பகல்நேரப் பாதுகாவலர். சீருடையோடு உட்கார்ந்து அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பாக்குற? குடி. வெஷம் ஒண்ணும் வைக்கல லா" என்றான் கபிலன்.

துரைசாமி சிரித்தார். மகன் அவரிடம் கேலி பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மகளிடம் மெதுவாக, "நீ படிக்கப் போனது வீண் போகலம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வைஷாலிக்கு அப்போதே தெரியாமல் இல்லை. கை நடுங்கவில்லை என்றால் என்ன அர்த்தம், விடியற்காலையில் எழுந்துவிடுகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று வகுப்பில் நின்று சொன்னவளே அவள்தான். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலியாக இருக்க வேண்டிய அறைகள் காலியாகத்தான் இருந்தன. அது போதும் என்று மூடி வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தம்பி கிடைத்தான். அவள் படிப்புக்கான பயிற்சி வேலை முடிந்து ஆங் மோ கியோவிலிருந்து திரும்பும்போது எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே நின்றிருப்பான். இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து பஃபலோ சாலை வழியாக நடப்பார்கள். பூக்கடைக்காரரிடம் வம்பளப்பான். அம்மாவைப் பற்றி முதன்முறையாகப் பேசினான். "அன்னிக்கு எனக்கு அழுக வரலக்கா. உள்ள எங்கயோ இருந்துச்சு, வெளிய வர வழியில்ல. நீ தப்பா நெனச்சிருப்ப" என்றான். வைஷாலி சாலையோரத்திலேயே நின்று அழுதுவிட்டாள். அவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "சீ, அழாத. எல்லாரும் நான்தான் அடிச்சிட்டேன்னு நெனைப்பாங்க" என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறையில் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வைஷாலி எழுந்து வாசல்படிவரை போனாள். கபிலன் கழுவுதொட்டியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். அவள் வந்ததை உணர்ந்து திரும்பினான். வலது கை ஈரமாக இருந்தது, உள்ளங்கையில் பாதி கரைந்த ஒரு மாத்திரை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டால் சண்டை வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். திங்கட்கிழமைக்குள் பழையபடி போர்வைக்குள் போய்விடுவான். சனிக்கிழமை ஒன்று முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்குப் போன் போடலாம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

"சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.

"இல்ல. உனக்காகத்தான் வெயிட் பண்றேன்" என்றான்.

சனிக்கிழமை அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறையில் நாற்பது பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் முனீரா அறிமுகம் செய்ததும் கபிலன் எழுந்தான். ஒவ்வொருவராக எல்லாரையும் பார்த்தான். வைஷாலி மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நீங்க எல்லாரும் கேக்க ஆசப்படுறத முதல்லயே சொல்லிடுறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "ஆமா, இப்ப நான் உங்கள எண்ணிப் பாத்தேன். நாப்பது பேர். எனக்குள்ள இருக்கிறவங்க அதவிடக் கொஞ்சம் கம்மிதான்."

அறை சிரித்தது. அதற்குப் பிறகு அவன் அவர்களை விடவில்லை. கடையில் புரோட்டா வாங்கும்போது காதில் ஒருவன் கிரிக்கெட் வர்ணனை மாதிரித் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதை அதே குரலில் பேசிக் காட்டினான். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினான். மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் வீட்டாரையே பார்ப்பது போல இருக்குமாம். அவர்கள் வாய் அசையும், பாசம் தெரியும், ஆனால் ஒன்றும் இந்தப் பக்கம் வந்து சேராதாம். பேனாக்கள் நின்றுவிட்டன. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் ரித்திக் என்ற மாணவன் கையை உயர்த்தினான். "நாங்க நாளைக்கு உங்கள மாதிரி ஒருத்தருக்கு உதவி செய்யப் போவோம். முதல்ல என்ன செய்யணும்?"

கபிலன் யோசித்தான். "மருந்து போட்டியான்னு முதல்ல கேக்காதீங்க. அத எல்லாரும் கேப்பாங்க. சாப்ட்டியான்னு கேளுங்க. என் அக்கா அங்க உக்காந்திருக்கா. வியாழக்கிழம அவ அப்படித்தான் கேட்டா. அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்படிக் கேட்டா."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வைஷாலியின் தோளை யாரோ அழுத்தினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தட்டுகிற கைகளுக்கு நடுவே டாக்டர் முனீரா மட்டும் தட்டாமல் கபிலனையே கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்தாள்.

அறை காலியானதும் முனீரா அருகில் வந்தார். "ரொம்ப நல்லாப் பேசினார். டாக்டர எப்ப பாக்கப் போறீங்க?"

"திங்கட்கிழமை, மேடம்."

"நாளைக்கே போங்க. எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் முனீரா.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா முழுக்க வழக்கம்போலக் கூட்டம். விடுமுறை நாளைக் கழிக்க வந்த வெளிநாட்டு ஊழியர்கள் புல்வெளியிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கபிலன் ஜன்னலில் நின்று அவர்களைப் பார்த்தான். காலையில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தான். மத்தியானம் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்தான்.

"அவங்கள்லாம் அந்த கிளாஸ்ல இருந்தவங்கக்கா. சட்ட மாத்திட்டு வந்திருக்காங்க."

"கபி, வா, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

"நேத்து கை தட்டினீங்க எல்லாரும். இன்னிக்கு டாக்டரா?" என்றான். குரல் உயரவில்லை. அப்படிக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் கெஞ்சினாள். மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அவனுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். எப்படியாவது பேசி அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் போலீசைக் கூப்பிடுங்கள் என்றார்கள். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் துரைசாமி தலையை ஆட்டினார். "வேணாம்மா. நேத்துதான் கை தட்டல் வாங்கினான். நாளைக்குக் காலைல நானே பேசி கூட்டிட்டுப் போறேன்."

திங்கட்கிழமை காலையில் துரைசாமி பேசிப் பார்த்தார். பதில் வரவில்லை. வேலைக்கு விடுப்பு சொல்லலாமா, போகலாமா என்று தடுமாறி, எதற்கும் இருக்கட்டும் என்று சீருடையை மாட்டினார். வைஷாலி கீழே ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. இரண்டு இரவு தூங்காத கபிலனுக்கு, அறை வாசலில் நீலச் சீருடையில் நின்ற ஆளைப் பார்த்ததும் தன்னைப் பிடித்துப் போக வந்தவன் என்றுதான் தோன்றியது. முழுப் பலத்தோடு தள்ளினான். துரைசாமி சமையலறை மேடையில் இடித்துக்கொண்டு இடுப்பு அடிபட விழுந்தார்.

அலறல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அன்னம்மாதான் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சொன்னார். வைஷாலி மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் கூட்டம். இரண்டு போலீஸ்காரர்கள் கபிலனை இரு பக்கமும் பிடித்திருந்தார்கள். இளைஞர்கள்தான், மரியாதையாகத்தான் பேசினார்கள். கபிலன் அவளைப் பார்த்து, "அக்கா, அப்பாவ எங்கயோ மறைச்சு வச்சிருக்காங்க. நீ தேடு" என்றான். அவனுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியே, தரையில் கிடந்த துரைசாமி, "அவன ஒண்ணும் பண்ணாதீங்க சார், அவன் நல்ல பையன்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. துரைசாமியின் இடுப்பெலும்பில் உலோகத் தகடு வைத்தார்கள். அவர் பழையபடி நடக்கவில்லை. வேலை போனது. வீட்டுக்குள்ளேயே நடை பழகும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கபிலனை மனநல மருத்துவமனையில் பூட்டிய வார்டில் வைத்தார்கள். அவனுக்கு இனி மாத்திரை சரிப்படாது, மாதம் ஒருமுறை ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். இளம் டாக்டர். நோய் இப்படித் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் மூளை கொஞ்சம் இழந்துவிடுகிறது, முன்பு இருந்த நிலைக்கு முழுவதும் திரும்புவார் என்று உறுதி சொல்ல முடியாது என்று தயங்கித் தயங்கி விளக்கினார். வைஷாலி தலையாட்டினாள். அந்த வாக்கியத்தை அவளே தேர்வில் எழுதியிருந்தாள்.

டாக்டர் முனீரா அவளைப் பார்க்கத் தேக்காவுக்கே வந்தார். உணவங்காடியில் ஆளுக்கொரு குவளை தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது, மேடம். ஒரு வாரமா தெரியும்."

"ஏன் சொல்லல?"

வைஷாலி தேநீரில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பத்து வருஷம் கழிச்சு என் தம்பி என்கிட்ட பேசினான், மேடம். நான் போன் பண்ணியிருந்தா அவன நானே திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் இருக்கட்டும்னு நெனச்சேன்."

முனீரா அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். முனீரா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கூப்பிட்டது நான்தானே. அத நெனச்சா எனக்கும் தூக்கம் வரல" என்றார். தே ஆறிப்போனது. இருவரும் எழுந்து தனித்தனியாகப் போனார்கள்.

வைஷாலி படிப்பை முடித்தாள். விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டு, ஆனால் விட்டால் எங்கே போவது? பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. சுவா சூ காங்கில் ஒரு குடும்பச் சேவை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே வரும் அம்மாக்களும் அக்காக்களும் எப்போது குணமாகும் என்றுதான் கேட்பார்கள். அவள் அவர்களுக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாள். வேலையில் கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் பெயர் எடுத்தாள்.

அப்பாவால் இனி பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் கபிலனைப் பாசிர் ரிஸ் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். சுத்தமான இடம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் வைஷாலி பாதி ஊரைக் கடந்து போனாள். பிரியாணியோ முட்டை புரோட்டாவோ கட்டிக்கொண்டு போவாள். அவன் மெதுவாகச் சாப்பிடுவான். அவள் வேலையைப் பற்றி, அப்பாவைப் பற்றி, அன்னம்மாவின் பேரன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லுவாள். அவன் "ம்" என்பான். பேச்சு தீர்ந்ததும் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அவனைப் பேச வைக்க வேண்டும் என்று, பள்ளியில் அவன் பேசிய விவாதம் ஒன்றை எடுத்து ஆரம்பித்தாள். அவன் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினான்.

"அக்கா, நீ வாரா வாரம் வர்ற."

"ஆமாடா."

"நீ வந்தா நான் பேசணும்." ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "நீ என் வாயவே பாத்துக்கிட்டு இருக்க. எனக்குப் பேச வரல. முன்ன வரலன்னு கோவமா இருக்கும். இப்ப கோவமும் வரல. ஆனா கஷ்டமா இருக்கு. கொஞ்சம் கம்மியா வா."

"வரட்டுமா வேணாமா, சொல்லு."

"கம்மியா வா" என்றான் மறுபடி. பிறகு எழுந்து கை கழுவப் போனான். தாதி வந்து அவனைப் படுக்கைக்கு அழைத்துப் போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வைஷாலி வீட்டுக்கு வந்தபோது துரைசாமி, "என்ன சொன்னான்?" என்று கேட்டார். வழக்கமான கேள்விதான்.

"நல்லா இருக்கான்ப்பா. உங்கள விசாரிச்சான்."

அதன் பிறகு அவள் மாதம் ஒருமுறை போனாள். மற்ற ஞாயிறுகளில் துணி துவைத்தாள், அப்பாவைச் சக்கர நாற்காலியில் கீழே அழைத்துப் போய் வெயிலில் உட்கார வைத்தாள், சாயங்காலம் ஆனதும் மேலே அழைத்து வந்தாள்.